ஐந்து டம்ளர் காபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது மேல். நான்காம் வகுப்புப் படித்த ஒரு மார்கழியில், பெற்ற தாயை ஆஸ்பத்திரிக் கட்டில் வரை கொண்டுபோய்ப் படுக்க வைத்தவன் நான். அதுவும் அவளைக் காப்பாற்றுவதற்காக. முட்டாள்தனத்தில் பல ரகம் உண்டு. என்னுடையது முதல் தரம், சிக்கரி கலக்காதது.

பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு, ஆளுக்கொரு காபியோடு பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை, பிரஷர், மருமகள் என்று வரிசையாகப் பேசும் நண்பர்களே, போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "நீ மட்டும் ஏன்யா காபியை வாங்கி வெச்சுக்கிட்டு அரை நிமிஷம் முறைச்சுப் பாத்துட்டுக் குடிக்கறே?" அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம். காபி ஆறினால் நான் பொறுப்பல்ல.

அப்போது மந்தைவெளியில் இருந்தோம். ஒரு நீளமான வீட்டை மூன்றாக நறுக்கி மூன்று குடும்பத்துக்கு விட்டிருந்தார்கள். எங்களுடையது நடுத்துண்டு. அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிப்போ வாசல் டீயிலேயே வாழ்ந்தவர், வீட்டில் தண்ணீர் தவிர எதுவும் குடிக்க மாட்டார். நான் ஒரே பிள்ளை, எனக்குப் பால். ஆக, எங்கள் வீட்டில் காபி குடிப்பது அம்மா ஒருத்திதான். ஆனால் ஐந்து பேர் குடிப்பதை அவளே குடித்தாள். எழுந்ததும் ஒன்று. அப்பா கிளம்பியதும் ஒன்று. பதினொரு மணிக்கு, மூன்று மணிக்கு, விளக்கேற்றும் முன்பு ஒன்று. அவள் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வெட்டிய பித்தளை ஃபில்டர் ஒன்று இருந்தது. கொதிநீர் ஊற்றி மூடியதும் விரல் கணுவால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். 'டங்' என்று கேட்கும். பிறகு உள்ளே சொட்டுச் சொட்டாக இறங்கும் சத்தம். அந்த ஃபில்டர் எந்தப் பாத்திரக்காரனின் கூடையில் போயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் என் காதில் இருக்கிறது.

அந்த மார்கழியில் சித்தி வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை. கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் யாருக்கோ அம்மை போட்டுவிட்டதால், பரீட்சைக்குப் படிக்க எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்துவிட்டாள். சித்தி காபி குடிக்காதவள், உட்கார்ந்து படிக்கும் ரகமும் இல்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொடிக்கம்பி வரை நடந்து, திரும்பி நடந்து, உரக்கச் சொல்லி உருப்போடுவாள். நான் ஓரமாக உட்கார்ந்து பம்பரத்துக்குச் சாட்டை திரிப்பேன். பாடம் எனக்கல்ல. காதை மூட முடியாததால் விழுந்தது.

"காபியா அராபிகா. குடும்பம் ரூபியேசி. ஒரு பழத்துல ரெண்டு விதை, தட்டைப் பக்கம் உள்ள பாத்து இருக்கும். ஒண்ணு மட்டும் தங்கிச்சுன்னா உருண்டையா வரும், அது பீபரி."

ஒரே பிள்ளையான எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பொடிக்கடையில் பீபரிக்குத் தனி மரியாதை உண்டு. அன்று முழுவதும் நான் ஒரு பீபரி என்ற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மறுநாள் காலை நெஞ்சு உள்ளே போய்விட்டது.

"காபியில் இருக்கிற ஆல்கலாய்டு, காபின். செடி தன்னைக் காப்பாத்திக்க வெச்சிருக்கற விஷம். இலையைக் கடிச்ச பூச்சி செத்துப்போகும். உதிர்ந்த இலை மக்கின மண்ணுல வேற விதையை முளைக்கவே விடாது."

இன்றைய பேரப்பிள்ளைகள் பல்லால் உதட்டைத் தொட்டு அழகாக 'கஃபீன்' என்பார்கள். நம் காலத்தில், நம் வாயில், அது காபின். எனக்கு அதற்கு முன்பே ஒரு காபின் தெரியும். சாந்தோம் பக்கம் நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தச்சுக்கடை இருந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: 'இங்கு காபின் பெட்டிகள் எல்லா அளவுகளிலும் செய்து தரப்படும்.' உள்ளே சவப்பெட்டிகளைச் சுவரோடு சுவராகச் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். பெரியவர்களுக்கு, நடுத்தரத்துக்கு. ஒரு மூலையில், பார்க்காமல் ஓடிவிட வேண்டிய சின்ன அளவு.

காபி. காபின். நடுவே ஒரே ஒரு 'ன்'. குடிக்கக் குடிக்க அந்த 'ன்' வந்து ஒட்டிக்கொள்ளும் என்று புரிந்துகொண்டேன். கணக்கில் முப்பது தாண்டாதவன் இந்த ஒரு விஷயத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினேன்.

ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது என்று, பள்ளிவிட்டு வரும்போது அந்தக் கடை வாசலில் நின்றேன். வார்னிஷ் வாசனை. தரையெல்லாம் மரச்சுருள். பாதி முடிந்த பெட்டியின் மேல் தச்சர் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கண்ணாடி கிளாஸ். கிளாஸில், நண்பர்களே, காபி.

"இன்னா நைனா, மொறச்சுக்கினு நிக்கறே?"

"இது காபினா?"

"பின்ன, ஊஞ்சலா?"

"காபின் யாருக்கு வரும்?"

"அல்லாருக்கும் வரும். உனுக்கு வரும், எனுக்கு வரும், உன் வாத்யாருக்கும் வரும். முன்ன பின்ன ஆவும், அவ்ளோதான்."

"எங்கம்மாவுக்கு?"

அவர் ஒரு மிடறு குடித்தார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று இப்போது தெரிகிறது. "உங்கம்மா இன்னா ஒசரம்?" என்றார்.

வீடு வரை நிற்காமல் ஓடினேன். எங்கள் வீட்டில் பெட்டி வைக்கிற வழக்கமே கிடையாது, பாடைதான் என்பதெல்லாம் ஓடுகிறவனுக்கு எங்கே தோன்றும்? வாசலில் அம்மா மூன்று மணிக் காபியைத் தாமதமாக ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே நீண்டு இறங்கிய அந்தப் பழுப்பு நிறம் பெட்டிப் பலகையின் நிறமாகவே இருந்தது.

அதன்பின் மாடியிலிருந்து வந்ததெல்லாம் கெட்ட செய்தி. வாசலில் பூத்திருந்த இட்லிப்பூவும் காபிக் குடும்பமாம். அதன் காம்பை உறிஞ்சி ஒரு பொட்டுத் தேன் குடிப்பது என் அன்றாட வேலை. நாக்கைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். டீயிலும் அதே காபின்தானாம். சாக்லேட் காய்க்கிற மரம் பலா மாதிரி அடிமரத்திலேயே காய்க்குமாம். அதன் கொட்டையில் காபினுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் இருக்கிறானாம், பெயர் தியோப்ரோமின், நாய்க்கு ஆகவே ஆகாதாம். யாரோ பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுத்த சாக்லேட்டை நான் தின்னவில்லை. எனக்குப் பிடிக்காத கிளாஸ் லீடருக்குக் கொடுத்துவிட்டேன். அவன் நன்றி சொல்லிவிட்டுத் தின்றான். சாகவில்லை. அந்த லீடர் இன்று இந்த பெஞ்சில் உங்களில் ஒருவராக உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிரஷர்.

நல்ல செய்தி ஒன்றே ஒன்று வந்தது. "சிக்கரி. சாமந்தி, சூரியகாந்திக்குச் சொந்தம். வேரை வறுத்து அரைக்கணும். நிறம் உண்டு, கசப்பு உண்டு, காபின் கிடையாது."

வாராவாரம் பொடி வாங்கப் போகிறவன் நான்தான். அம்மா சொல்லி அனுப்புவது எனக்கு மனப்பாடம்: அரைக் கிலோ, பாதி பிளாண்டேஷன், பாதி பீபரி, சிக்கரி கொஞ்சம். அந்தச் சனிக்கிழமை கடையில், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "எல்லாமே சிக்கரி!"

கடைக்காரர் மெஷினை நிறுத்தினார். "எல்லாமேவா? யாருக்குடா, மாட்டுக்கா?"

"அம்மாவுக்கு."

"அம்மா மேல உனக்கு இன்னா கோவம்?"

"அப்பாதான் சொன்னாரு."

அப்பா பெயரைச் சொன்னால் அந்தக் காலத்தில் எதுவும் நடக்கும். நடந்தது. மீந்த காசைப் பிள்ளையார் உண்டியலில் போட்டு, அம்மா அளவுக்குப் பெட்டி வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். டப்பாவின் அடியில் மிச்சமிருந்த பழைய பொடியைப் புதியதின் மேல் வாசனைக்காகத் தூவினேன். இந்த வயதில் இவ்வளவு மூளையா என்று நீங்கள் வியக்கலாம். நானும் வியந்தேன்.

அம்மாவுக்கு அப்போது நல்ல ஜலதோஷம். லேசாகக் காய்ச்சலும் இருந்தது. மூக்கு அடைத்து, நாக்கு மரத்துக் கிடந்தது. டிகாக்ஷன் தார் மாதிரி கறுப்பாக வந்தது. "இந்தத் தடவை நல்லா இறங்கியிருக்கு," என்று கடைக்காரரைப் பாராட்டினாள். இரண்டாவது தடவை ஃபில்டர் அடைத்துக்கொண்டது. "பொடியில ஈரம் பட்டிருக்கும்," என்று தலையில் நாலைந்து தட்டு தட்டினாள். ஐந்து டம்ளரும் குடித்தாள். அன்று நான் நிம்மதியாக விளையாடினேன். அந்த மார்கழியில் அதுதான் கடைசி நிம்மதி.

மறுநாள் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. ஜலதோஷத் தலைவலி என்றார் அப்பா. அதற்கடுத்த நாள் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜன்னலை மூடச் சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பம்பரம் விழும் சத்தத்துக்கு "ஐயோ" என்றாள். இரண்டு முறை வாந்தி. அப்போதும் ஈனக்குரலில் கேட்டாள், "கொஞ்சம் காபி போடுடி." சித்தி போட்டுக் கொடுத்தாள். எதைப் போட்டாள் என்பது எனக்கும் பிள்ளையாருக்கும் மட்டும்தான் தெரியும்.

என்ன நடந்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மூளையில் தூக்கத்தைக் கொண்டுவரும் சரக்கு ஒன்று உண்டு. அது வந்து உட்காரும் நாற்காலிகளில், தினமும் காபி குடிப்பவருக்கு, கஃபீன் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளையும் சளைக்காமல் கூடுதலாக நாற்காலி போட்டு வைக்கிறது. திடீரென்று கஃபீன் வருவது நின்றால் அத்தனை நாற்காலியிலும் அந்தச் சரக்கே உட்கார்ந்துவிடும். ரத்தக்குழாய்கள் விரியும். தலை பிளக்கும். அம்மாவின் தலையில் பதினைந்து வருடத்து நாற்காலிகள் இருந்தன. நான் ஒரே நாளில் கூட்டத்தை உள்ளே விட்டுவிட்டேன்.

அப்போது எனக்குப் புரிந்தது வேறு. காபின் ஏற்கெனவே உடம்பு முழுக்க ஏறிவிட்டது, நான் தாமதமாகத்தான் நிறுத்தியிருக்கிறேன். இனி ஒரு சொட்டுகூட உள்ளே போகக்கூடாது. படுத்திருப்பவளின் உச்சியிலிருந்து கால்வரை, பார்க்காதே பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கண்ணால் அளந்தேன். ஐந்து அடி இருப்பாள். பள்ளிக்கூடம் போகிற வழியை மாற்றிக்கொண்டேன். அந்தக் கடையில் ஐந்து அடியில் ஒன்று தயாராக நின்றால் என்ன செய்வது?

மூன்றாம் நாள் பக்கத்துத் துண்டிலிருந்து பாயம்மா வந்தார். திருவல்லிக்கேணியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கையில் ஆவி பறக்கிற கிண்ணம்.

"இன்னா தங்கச்சி இப்படிக் கெடக்கிறே? பாலு போடாத டீ, எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கேன். ரெண்டு வாய் குடி, தலை லேசாப் பூடும்."

சத்தியமாக வலி போயிருக்கும். அம்மா தலையைத் தூக்கி வாயைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோனாள். டீயிலும் அதே காபின். நான் பாய்ந்து தட்டிவிட்டேன். கிண்ணம் சுவரில் மோதிச் சுழன்று நின்றது. சுடு டீ பாயம்மாவின் கையில் தெறித்தது.

சித்தி அறைந்தாள். காதுக்குள் ஃபில்டரைத் தட்டிய சத்தம் கேட்டது.

"அடிக்காதம்மா, புள்ள பயந்துகீது," என்றார் பாயம்மா, புடவைத் தலைப்பால் கையை ஒற்றிக்கொண்டே. அந்த வீட்டில் அப்போது எனக்கு இருந்த வியாதியைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அன்று மாலை அப்பா டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் அம்மாவின் தலையை முன்னால் வளைத்துப் பார்த்தார். அம்மா வலியில் முனகினாள். காய்ச்சல், வாந்தி, வெளிச்சம் ஆகவில்லை. "காபி, டீ எதையாவது திடீர்னு நிறுத்தினீங்களா?" என்றுகூட அந்தப் புண்ணியவான் கேட்டார்.

"அஞ்சு வேளையும் குடிச்சுக்கிட்டுதான் இருக்கா," என்றார் அப்பா.

நான் கதவு மூலையில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பழையபடி நல்ல பொடி வாங்கிவிடுவார்கள், அம்மா செத்துவிடுவாள். டாக்டர் குரலைத் தாழ்த்தி, மூளைக் காய்ச்சலாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார். டாக்ஸியில் ஏற்றும்போது அம்மாவின் ஒரு செருப்பு வாசலில் கழன்று விழுந்தது. அதை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஏன் மாட்டினேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை அப்பா மட்டும் வந்தார். சவரம் செய்யாத முகம். பஸ்களின் நேரத்தை நிமிஷம் தப்பாமல் எழுதுகிறவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"பத்து மணிக்கு முதுகுத் தண்டுல ஊசி குத்தி நீர் எடுக்கப்போறாங்களாம்," என்றார் சித்தியிடம். "ஏம்மா, உங்கக்கா ஒரு வாய் வீட்டுக் காபி வேணும்ங்கறா. போட்டுக் குடு. ஒருவேளை..." அதற்குமேல் சொல்லாமல் குளிக்கப் போய்விட்டார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தமே கேட்கவில்லை. அந்த 'ஒருவேளை'யின் மீதியை அவர் அங்கே தனியாக நின்று சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

சித்தி டிகாக்ஷன் போட்டாள். ஃபில்டர் அடைத்துக்கொண்டது. எரிச்சலோடு திறந்து மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். புருவம் சுருங்கியது. ஒரு கண்ணாடி கிளாஸில் பச்சைத் தண்ணீர் பிடித்து, டப்பாவை அடிவரை கிளறி, ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவினாள். காபிப் பொடி மிதக்கும், நண்பர்களே. அதில் எண்ணெய் உண்டு. சிக்கரி அப்படியே மூழ்கும், மூழ்கும்போது பழுப்பு வால் விட்டுக்கொண்டே போகும். கிளாஸ் முழுக்க வால்.

"ஒரு துகள்கூட மிதக்கலையே," என்றாள் தனக்குத்தானே. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "பொடி வாங்கினது யாரு?"

அப்போதுதான் அழுதேன். மூக்கும் கண்ணுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். கடை, சிக்கரி, உண்டியல், தச்சர், அம்மாவின் உயரம்.

"ஏண்டா செஞ்சே?"

"நீதான சொன்னே? காபியில காபின் இருக்குன்னு."

சித்தி சிரிப்பாள் அல்லது அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. மாடியில் அவள் நடந்த நடையெல்லாம் அக்காவின் முதுகில் ஊசியாக இறங்கப்போகிறது என்பது அவளுக்கு ஒரே நொடியில் தெரிந்திருக்கும். "அது வேற காபின்டா," என்றாள், சத்தமே வராமல். உலகத்தில் எத்தனை காபின்தான் இருக்கும் என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நிமிடம் எழுந்து குளியலறைக் கதவை இடித்தாள். "மாமா! சீக்கிரம் வாங்க! அக்காவுக்கு ஒண்ணும் இல்ல, காபிதான் இல்ல!"

ஆஸ்பத்திரியில் நாங்கள் நுழைந்தபோது பத்தாகக் கால் மணி. கட்டிலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய தட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். துணியை மீறி ஊசியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. பம்பர ஆணியைவிட நீளம். சித்தி ஓர் இளம் டாக்டரைப் பிடித்து மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நிஜமாவா? ஜுரமும் விட்டிருக்கு. சரி, ஒரு காபி குடுத்துப் பாருங்க. ஒரு மணி நேரம் தள்ளிப் போடறேன்," என்றார்.

அப்பா கேன்டீனுக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கண்ணாடி கிளாஸில், ஆறிப்போன, ஏடு படிந்த, வாயில் வைக்க விளங்காத காபி. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்று அம்மாவின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னிலையிலும் அவர் அம்மாவைத் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர மறுத்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். அம்மா நெற்றித் துண்டை அவிழ்த்தாள். அதை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தை நேராகப் பார்த்தாள். ஊசித் தட்டை ஒரு நர்ஸ் வந்து எடுத்துப் போனார்.

எல்லோர் முகத்திலும் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு நாள் பாடுபட்டு நிறுத்தியதை என் கண்ணெதிரிலேயே உள்ளே ஊற்றிவிட்டார்கள். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் காதருகில் போய்க் கெஞ்சினேன். "குடிக்காதம்மா, செத்துப்போயிடுவே. அதுல காபின் இருக்கும்மா."

அம்மா கிளாஸின் அடியில் தங்கியிருந்த கடைசிச் சொட்டையும் நாக்கில் கவிழ்த்துக்கொண்டு, காலி கிளாஸை என் கையில் திணித்தாள்.

"இருந்தா இருக்கட்டும், இன்னொண்ணு வாங்கிட்டு வா."